கதை யாருடைய சொத்து?

‘அறிவுப் பகிர்வு’ என்கிற நிர்வாகச் சொல்லாடலைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. பகிர்வது யார்? சேர்த்து வைத்துக்கொள்வது யார்?

ஜெராக்ஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அங்கே வேலைபார்த்த மானுடவியலாளர் ஜூலியன் ஓர், நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களோடு கூடவே திரிந்தார். அவரது ஆய்வு 1996இல் நூலாக வந்தது. கையேடு கைவிட்ட இடத்தில் அவர்களைக் காப்பாற்றியது சாப்பாட்டு மேசைக் கதைகள்தான் என்கிறார். ‘அந்த மெஷின் அன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா’ ரகக் கதைகள். சொல்கிறவரின் கெட்டிக்காரத்தனமும் அதில் சேர்த்தி.

1990களில் இந்தப் பேச்சைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். பெயர் யுரேகா, தொடங்கியது பிரான்சில். ஒருவர் எழுதும் குறிப்பை அனுபவமுள்ள சக டெக்னீஷியன்களே சோதித்து ஏற்றுக்கொண்டார்கள். எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. காசு கொடுக்கலாமா என்ற யோசனை வந்தபோது, காசு வேண்டாம், பெயர் போதும் என்றார்கள். (சிறுபத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இது புதுசில்லை.)

நிர்வாகத்தின் பிடி இதில் தளர்ந்தது நிஜம். ஆனால் கதை இங்கே கோளாறு, காரணம், தீர்வு என்று ஒடுங்குகிறது. அது வாயில் இருந்தவரை ஆளை வேலையைவிட்டுத் தூக்கினால் கதையும் கூடவே போய்விடும்; அவர் கையிலிருந்த பேரம் அது. குறிப்பான பிறகு அது கம்பெனியோடது. தொழிலாளியின் கைப்பழக்கத்தை நிர்வாகம் திரட்டி விதியாக்க வேண்டும் என்று டெய்லர் 1911இல் எழுதினார். அவர் ஆட்கள் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்கவேண்டியிருந்தது. இப்போது தொழிலாளியே தட்டச்சு செய்து, கீழே பெயரும் போட்டுத் தருகிறார்.