நக்கவாரத்து ஹோடி

நக்கவாரம் எனப்படும் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபாரில் உத்தியோகம் பார்க்கும் அன்பர் ஒருவர், அங்கே தமக்கு வேண்டிய நிக்கோபாரிக் குடும்பத்தார் ஹோடி என்னும் தங்கள் பழைய ஓடத்தை இருந்தபடியே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, பின்புறத்தை அறுத்து மோட்டார் மாட்டிக்கொள்வதா என்று இருமனப்பட்டு நிற்பதாகவும், இதில் என் அபிப்பிராயம் என்னவென்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

கேள்விக்குரியது பழைய மோட்டார் காராயிருந்தால், எதுவரை மாற்றினாலும் அது அசல் என்பதற்குச் சட்டமே பாதி விடை சொல்லிவிடும். முதற் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே புராதன வண்டியென்ற பதிவு உண்டென்று 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. ஹோடிக்கு அந்த அளவுகோல் உதவாது. ஒரே மரத்தைக் குடைந்த உடலும், அதன் ஒரு பக்கத்தில் குறுக்குக் கழிகளால் பிணைத்த மிதவைக் கட்டையுமாக அமைந்த அந்த ஓடத்தில், பிரம்புக் கட்டுகளும் கழிகளும் நைய நையப் புதுப்பிக்கப்படுபவை. அவை புதியனவாவதால் ஓடம் வேறாகிவிடுவதில்லை.

கட்டுகளுக்குப் பிரம்பே ஏனென்றால், அலை எழுந்து தாழும்போது உடலும் மிதவையும் வெவ்வேறு கணத்தில் அசைகின்றன. கட்டு சற்றே நெகிழ்ந்து அந்த அசைவைத் தாங்கிக்கொள்கிறது. இளமையில் சோழமண்டலக் கரைக் குப்பமொன்றில், ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, கரையலையில் மோதித் தரைதட்டும்போதெல்லாம் பலகைகள் முனகி வளைந்து மீண்டும் பொருந்துவதை நான் கண்கொட்டாமல் பார்த்து நின்றதுண்டு. இரண்டும் ஒரே ஞானத்தின் குழந்தைகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

இந்த ஓடத்தின் சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்தது சௌரா என்னும் சிறு தீவின் கதை. கார் நிக்கோபாருக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், பெருமரம் அரிதான அத்தீவு, மந்திர சக்தி மிக்கதென்று மற்றத் தீவினரின் அச்சத்தையும் மதிப்பையும் பெற்றிருந்தது. மண்பாண்டம் வனையும் உரிமையும் அதற்கே உரியதாயிருந்தது. நடுத் தீவுகளில் குடையப்பட்ட பெரிய ஓடங்கள் சௌராவுக்கு வந்து, அங்கே செம்மை பெற்ற பிறகே கார் நிக்கோபாருக்கு விலைபோயின. மரமில்லாத ஊர் ஓடம் தரும் ஊராக விளங்கிய இந்த ஆச்சரியத்தை நினைக்கும்போதெல்லாம், ‘அசல்’ என்று நாம் எந்தக் கையைச் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. மரத்தை வெட்டியவன் கையும் அசல், மெருகேற்றியவன் கையும் அசல். மாற்றம் அந்த ஓடத்துக்குப் பகையன்று. கடலையும் மரத்தையும் அறிந்தவன் அதைச் செய்ய வேண்டும், அவ்வளவே.

மோட்டாரின் சங்கதி வேறு. அதன் பளுவும் இடையறாத அதிர்வும் பின்முனையில் விழுந்தால் பிரம்பு தளரும். தளர்ந்த இடத்தில் இரும்புக் கம்பியும் ஆணியும் ஏறும். நெகிழ்ச்சி போனபின் மரம் பிளக்கும். வேகம் வேண்டுவோரை நான் குறைகூறேன். அவர்கள் தனியாக ஒரு ஃபைபர் படகு வாங்கிக்கொள்ளட்டும். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையில் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது, கட்டுமரம் கட்டத் தெரிந்த பெரியவர்களைக் கேட்பாரற்றவர்களாக்கிவிட்டோம். உலக மொழிகளுக்கே ‘கட்டுமரம்’ என்ற சொல்லைத் தந்த நாம் செய்த இந்த அலட்சியத்தை எண்ணினால் மனம் வேதனைப்படுகிறது. நிக்கோபாரில் அதே அலை ஹோடிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. கரையோரக் கிராமங்கள் உள்நிலத்துக்குப் பெயர்ந்தன.

ஹோடி தனியொருவர் சொத்தன்று. துஹெத் என்னும் கூட்டுக் குடும்பத்தின் பொதுவுடைமை. ஆகையால் அன்பரிடம் நான் வேண்டுவது ஒன்றே: ரம்பத்தை எடுக்குமுன் அக்குடும்பத்துப் பெரியவரை ஓடத்தருகே அமர்த்தி, பழைய கட்டுகளில் ஒன்றை அவிழ்த்துப் புதுப் பிரம்பால் மீண்டும் கட்டச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளும் கூட இருக்கட்டும்.