ஏ.சி. பிளக்கில் ஒரு ஸ்டேக்!

என் மனைவி ஷீபா ஓட்டலில் மெனு கார்டை வலமிருந்து இடமாகப் படிப்பாள். உருது தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். வலப்பக்கம்தானே விலை இருக்கிறது! அது கட்டுப்படியானால்தான் இடப்பக்கம் போய் அது என்ன பண்டம் என்றே பார்ப்பாள்.

முதல் கல்யாண நாளுக்கு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். 'பீஃப் ஸ்டேக்' என்ற வரியில் அவள் விரல் ஒரு விநாடி நின்றது. பக்கத்தில் 1,450 என்று போட்டிருந்தது. விரல் நழுவியது. "எனக்கு வெஜ் ஃப்ரைட் ரைஸ் போதும்ங்க..."

நாகர்கோவில்காரி சார்! ஞாயிற்றுக்கிழமை என்றால் தேங்காய்க் கொத்து போட்ட பீஃப் வறுவல் இல்லாமல் வளராதவள். அவள் வாயிலிருந்து 'வெஜ் ஃப்ரைட் ரைஸ்' வந்தது என் சம்பளத்தைப் பற்றிய விமர்சனம் இல்லை. அதுதான் இன்னும் உறுத்தியது. மே மாதம் அவள் பிறந்த நாள். வீட்டிலேயே ஸ்டேக் போட்டு அசத்திவிடுவது என்று அன்றே முடிவு கட்டினேன்.

ஆயுதம் கையில் இருந்தது. ஆபீஸில் ஐந்து வருஷம் குப்பை கொட்டியதற்குப் பரிசாகக் கொடுத்த ஏர் ஃப்ரையர். வந்த புதிதில் அதில் அப்பளம் போட்டேன். உள்ளே அடித்த காற்றில் அது எழும்பிப் பறந்து, மேலே இருந்த சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு கருகியது. பஜ்ஜி போட்டேன். மாவு முழுக்க ஓட்டை வழியாக ஒழுகிப்போய், வாழைக்காய் மட்டும் நிர்வாணமாக நின்றது. அத்தோடு பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

பெயரில் 'ஃப்ரையர்' இருப்பதால் வந்த குழப்பம் இது. நெதர்லாந்துக்காரர் ஒருவர் எண்ணெயில் முக்காமல் உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக்க யோசித்த ஐடியா, 2010-ல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. மற்றபடி அது பொரிக்கவே பொரிக்காது. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு ஃபேன், அவ்வளவுதான். பேக்கரி அடுப்பின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல். இது 1,500 வாட் இழுக்கும். சமையலறையில் மிக்ஸி போடுகிற சின்ன பிளக் அதைத் தாங்காது. பவர் பிளக் வேண்டும். எங்கள் வாடகை வீட்டில் பவர் பிளக் மொத்தம் இரண்டு. ஒன்று பாத்ரூமில் கீஸருக்கு. இன்னொன்று பெட்ரூமில் ஏ.சி.க்கு. பாத்ரூமில் சமைக்க மனசு வரவில்லை. ஆக, ஏ.சி.யைப் பிடுங்கிவிட்டுப் பெட்ரூமில் சமையல். வெளியே சித்திரை வெயில்!

ஷீபா அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு ஒத்திகை வைத்தேன். எங்கள் திருச்சி வீட்டில் ஆடு, கோழி, மீனுக்கு மட்டும்தான் அனுமதி. மாட்டுக்கறி வாங்கிப் பழக்கமே இல்லை. ராயப்பேட்டைப் பக்கம் கடைக்காரரிடம் பொதுவாக "அரைக் கிலோ" என்றேன். அவரும் பொதுவாக ஒரு துண்டைக் கொடுத்தார். கழுவினேன், உப்பு, மிளகு தடவினேன், ஈரத்தோடு உள்ளே தள்ளினேன். 180 டிகிரி, 20 நிமிஷம்.

வெளியே வந்தது பழுப்பும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு வஸ்து. கத்தி இறங்கவில்லை. ஆம்பூரில் கொடுத்திருந்தால் அடிப்பாகம் தைத்து அனுப்பியிருப்பார்கள்.

பயந்துபோய் மாமியாருக்கு போன் செய்தேன். விஷயத்தை ரகசியமாக வைக்கச் சொல்லிவிட்டுத்தான். "எத்தனை விசில் விட்டிய, மாப்பிள்ளை?" என்றார்கள். "இது குக்கர் இல்லை அத்தை, காத்துலயே வேகும்." மறுமுனையில் சற்று மௌனம். "காத்துல மாடு வேகாது, பாத்துக்கிடுங்க. அஞ்சு விசில் விடுங்க."

அத்தை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பீஃப் என்று கிடைப்பது பெரும்பாலும் எருமை. வெளிநாட்டில் ஸ்டேக்குக்காகவே தீனி போட்டு வளர்க்கும் மாட்டின் சதையில் வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடும். நம் எருமைக்கு அந்தக் கொழுப்பு குறைவு, வயசு ஜாஸ்தி. ஆகவே அடுத்த தடவை கடைக்காரரிடம் "அண்டர்கட் கொடுங்க பாய்" என்று கேட்டேன். முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற பகுதி. அதிகம் வேலை செய்யாத தசை என்பதால் மிருதுவாக இருக்கும். (எங்கள் ஆபீஸிலும் அப்படிச் சிலர் உண்டு!) ஒரு அங்குல கனத்துக்கு, ஒரே சீராக வெட்டி வாங்கினேன்.

அடுத்த பாடம், ஈரம். கறி மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் நூறு டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கு 140 டிகிரியாவது வேண்டும். முறுகல் தோசையின் நிறம், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனை எல்லாம் இதே சமாச்சாரம்தான். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னது. அதனால் முதல் நாள் ராத்திரியே உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மறுநாள் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, லேசாக எண்ணெய் தடவினேன். ஏர் ஃப்ரையரைக் காலியாக ஐந்து நிமிஷம் 200 டிகிரியில் ஓடவிட்டேன். பிறகு கறியை வைத்துப் பக்கத்துக்கு நாலு நிமிஷம்.

உள்ளே பஞ்சு மாதிரி வெந்தது. மேலே மட்டும் கொஞ்சம் சோகை. காற்று எவ்வளவு சுட்டாலும் இரும்பின் அடி மாதிரி வராது சார், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு வழி சமையலறையில் இருந்தது. கேஸ் அடுப்பில் புகை வரக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிஷம் போட்டு எடுத்தால் தீர்ந்தது. ஆனால் தோசைக்கல்லைத் தொடாதீர்கள். மறுநாள் தோசை ஒட்டினால் நான் பொறுப்பல்ல. சப்பாத்திக் கல் உத்தமம்.

இத்தனைக்கும் மேல் முக்கியமான ஒன்று, கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர். பெட்டிக்குப் பெட்டி சூடு மாறும், துண்டுக்குத் துண்டு கனம் மாறும். யாரோ சொன்ன நிமிஷக் கணக்கை நம்பினால் செருப்புதான். முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு நடுவில் 63 டிகிரியும், எடுத்த பிறகு மூன்று நிமிஷ ஓய்வும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. கொத்துக்கறி என்றால் 71. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும், அதனால்.

பிறந்த நாள் ராத்திரி. ஏ.சி. கிடையாது. வியர்வையில் குளித்தபடி பெட்ரூமுக்கும் சமையலறைக்கும் கறியோடு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஷீபா, "அதுக்கு ஜுரமா?" என்றாள், தெர்மாமீட்டரைப் பார்த்து. சரியாக 63. ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டினேன். நடுவில் அழகான ரோஸ் நிறம். தட்டில் கொஞ்சம் சிவப்புச் சாறு. (ரத்தம் இல்லை. மயோகுளோபின் என்று ஒரு புரதம்.)

ஷீபா தட்டையே பார்த்தாள். முள்கரண்டியை எடுக்கவில்லை.

"பிடிக்கலையா?"

"சூப்பரா இருக்குங்க. ஆனா எனக்கு மட்டும் இன்னும் நல்லா வேக வெச்சிடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாச ஒத்திகை! "நல்லா வெந்தா டேஸ்ட் போயிடும் ஷீபா. இதுதான் பதம்" என்று மயாரிலிருந்து ஆரம்பித்தேன்.

"இந்த மாதிரி நேரத்துல உள்ளே சிவப்பா இருக்கிற கறி சாப்பிடக் கூடாதாம்."

"எந்த மாதிரி நேரத்துல?"

அவள் பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். கம்ப்யூட்டர் பழசு, ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "காலையிலதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ராத்திரி சொல்லலாம்னு..." என்று முடிக்குமுன் அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு பெட்ரூமுக்கு ஓடினேன். கர்ப்பிணிகள் அரைகுறையாக வெந்த கறியைத் தொடவே கூடாது. அதில் இருக்கும் சில கிருமிகள் குழந்தையைப் பாதிக்கும். மறுபடி 200 டிகிரி. நான் தெர்மாமீட்டரைக் குத்திக்கொண்டே இருந்தேன். 68... 71... 75 வந்து, உள்ளே துளி சிவப்பு இல்லாமல் பழுப்பான பிறகுதான் எடுத்தேன்.

கொஞ்சம் கெட்டிதான். அண்டர்கட் என்பதால் தப்பித்தது. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை அவள். என் தட்டிலிருந்த ரோஸ் துண்டை ஏக்கமாக ஒரு தரம் பார்த்தாள். "அடுத்த வருஷம்" என்றேன்.

போன் அடித்தது. அத்தை.

"மாப்பிள்ளை, கறி வெந்திச்சா? எத்தனை விசில் விட்டிய?"

"இது விசில் அடிக்காது அத்தை. முடிஞ்சா 'டிங்'னு ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப வெந்திருக்காது. போனை அவகிட்டக் குடுங்க."

ஷீபா போனை வாங்கிக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அரை நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் நாகர்கோவிலிலிருந்து அத்தை போட்ட கூச்சல், ஹாலில் இருந்த எனக்கே கேட்டது. அஞ்சு விசிலுக்குக் குறையாது!