பூசை முடித்துப் பாடியவர்

"உக்ரைன் தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டது ஒரு பாதிரியாராமே, நெசமாங்ணா?"

சூரமங்கலம் உழவர் சந்தையை ஒட்டிய டீக்கடையில் கேட்டார் தம்பி. ஜங்ஷனில் பார்சல் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போதே போனில் எதையாவது பார்த்துக்கொண்டு வருவார். மிச்சச் சந்தேகம் என் தலையில் விழும்.

நிஜம்தான். மிஹைலோ வெர்பித்ஸ்கி என்று பெயர். 1815இல் பிறந்தவர், 1870இல் இறந்தவர். கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் குரு. அந்தச் சபையில் கல்யாணம் ஆனவரும் குருப்பட்டம் பெறலாம். ம்லினி என்ற சின்ன கிராமத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி, இன்று போலந்து. கிதார் நன்றாக வாசிப்பார். பாவ்லோ சுபின்ஸ்கி என்பவர் 1862இல் எழுதிய கவிதை கைக்கு வந்தது, மெட்டமைத்தார். நாடென்று ஒன்று இல்லாத காலத்தில் பிறந்த அந்த மெட்டுக்கு 1992இல் இன்றைய உக்ரைனின் தேசிய கீதம் என்ற அந்தஸ்து கிடைத்தது.

"அப்ப கோயில் வேலையும் பாத்துக்கிட்டு பாட்டும் போட்டிருக்காரு. நம்ம பக்கம் அப்படி ஆளு உண்டுங்களா?"

இதை சேலத்துக்காரர் கேட்கலாமா? ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில்களில் உடுக்கையைத் தட்டிக்கொண்டு அம்மனை வர்ணித்துப் பாடுவது யார்? பூசாரிதானே. பூசை செய்யும் கையும் தாளம் போடும் கையும் ஒன்றாக இருப்பது நமக்குப் புதிதில்லை. பாடியவரின் பெயரைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. பெயர் நிலைத்த ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நாமக்கல், முசிறி, திருச்சி தாண்டித் தஞ்சாவூர் போகவேண்டும். சியாமா சாஸ்திரி. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் வயதில் மூத்தவர். மேடை வித்வானோ அரசவைக் கலைஞரோ அல்ல. தஞ்சை மேல ராஜ வீதி பங்காரு காமாட்சி கோயிலின் அர்ச்சகர்.

அந்த அம்மன் தஞ்சாவூர்க்காரி இல்லை. காஞ்சிபுரத்தில் இருந்த தங்கத் திருமேனி. போருக்கும் கொள்ளைக்கும் பயந்து ஒரு கட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். செஞ்சி, உடையார்பாளையம் என்று பல ஊர்களில் தங்கித் திருவாரூர் வந்தது. பொன் என்று தெரியாதிருக்க மேனியில் புனுகைப் பூசிக் கறுப்பாக்கிக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கூடவே நடந்த பூசைக் குடும்பத்தில்தான் 1762இல் திருவாரூரில் இவர் பிறந்தார். வைத்த பெயர் வேங்கடசுப்பிரமணியன். வீட்டில் செல்லமாகக் கூப்பிட்டது சியாமகிருஷ்ணன்.

பிறகு மைசூர் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. அப்போது நம் சேலமும் நாமக்கல்லும் யார் கையில் இருந்தன என்று நினைக்கிறீர்கள்? அதே மைசூர் கையில்தான். 1792இல் திப்புவோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகே இந்தச் சீமை கும்பினியிடம் போனது. ஆகவே 1781இல் அம்மனை மறுபடி இடம் பெயர வைத்த படை, நம்மூர் வரியையும் வாங்கித் தின்ற படை. அம்மன் தஞ்சை வந்தாள். மராட்டிய மன்னர் துளஜா அடைக்கலம் கொடுத்தார். கோயிலும் எழுந்தது, பூசைக் குடும்பத்துக்கு மானியமும் கிடைத்தது. சியாமா சாஸ்திரிக்கு அப்போது பத்தொன்பது வயது.

இந்த மானியத்தை நான் சும்மா சொல்லவில்லை. திருவையாற்றில் தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் ஊர் ஊராகப் போனார். சாஸ்திரிக்குச் சோற்றுக் கவலை இல்லை. எந்த ராஜாவின் முகத்தையும் பார்த்துப் பாடவேண்டிய தேவை இல்லை. சபை கைதட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன? காலையும் மாலையும் அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எதிரே இருப்பது ஒருத்தி மட்டும். அவர் பாட்டெல்லாம் அவளிடம் போய்ச் சொன்னதுபோலவே இருக்கும். 'அம்மா, என்னைப் பார்க்க மாட்டாயா, இதுதானே சமயம், உன்னைவிட்டால் யார்' என்பதற்கு மேல் அவர் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. புராணக் கதை குறைவு, க்ஷேத்திர விவரம் குறைவு, தத்துவ விசாரம் அதைவிடக் குறைவு. சொல் எளிது. ஆனால் பாட்டு எளிதல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் எண்ணம்: கேட்பவர் ஒருவர், அவருக்கு அவசரமும் இல்லை.

இசைப் பாடம் அவருக்குக் குடும்பச் சொத்து இல்லை. காசியிலிருந்து வந்து தஞ்சையில் சாதுர்மாசியம் இருந்த சங்கீத சுவாமி என்ற சந்நியாசி, பையனின் ஆர்வத்தைப் பார்த்துத் தாள நுட்பங்களையும் ராக இலக்கணத்தையும் சொல்லிக் கொடுத்தார். பிறகு, அரண்மனை வித்வான் பச்சிமிரியம் ஆதியப்பய்யாவிடம் போய்க் கேள் என்று அனுப்பினார். இன்றும் கச்சேரிகளில் பாடும் பைரவி அடதாள வர்ணத்தைச் செய்தவர் இந்த ஆதியப்பய்யா. பைரவி என்ற ராகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரவேண்டும்.

தாளத்தைச் சொல்லாமல் சாஸ்திரியைச் சொல்ல முடியாது. பாதி டீயைத் தள்ளிவைத்துவிட்டு மேஜையில் தட்டிக் காட்டினேன். ஏழு எண்ணிக்கை. 'தகிட தகதிமி, தகிட தகதிமி.' மூன்றும் நாலும். ஒன்றிலும் நான்கிலும் அடி விழுகிறது. இது மிச்ரசாபு, ஊரில் பலரும் பாடுவது. இப்போது அதைப் புரட்டுங்கள். 'தகதிமி தகிட, தகதிமி தகிட.' நாலும் மூன்றும். அடி ஒன்றிலும் ஐந்திலும். கூட்டினால் அதே ஏழு, ஆனால் நடை வேறு ஆளுடையது. தம்பி இரண்டு முறை தட்டினார், மூன்றாவதில் பழைய நடைக்கே வழுக்கி விழுந்தார். எல்லோரும் விழுவார்கள். இதற்கு விலோமசாபு என்று பெயர். பூர்விகல்யாணியில் ஒரு கீர்த்தனையை முழுக்க இந்தப் புரட்டிய நடையிலேயே நடத்தியிருக்கிறார் சாஸ்திரி. பாடுகிறவர் கொஞ்சம் அசந்தால் மிச்ரசாபுவுக்குள் போய்விடுவார். அசராத வித்வான் பாடினால் கேட்கிற நமக்குக் கணக்கே தெரியாது, கெஞ்சல் மட்டும்தான் கேட்கும்.

அவரை யாரும் சும்மா விடவில்லை என்றும் ஒரு கதை உண்டு. பொப்பிலி கேசவய்யா என்ற வித்வான் ஊர் ஊராகப் போட்டிக்கு அழைத்து ஜெயித்துக்கொண்டே தஞ்சைக்கு வந்தாராம். தஞ்சை வித்வான்கள் சாஸ்திரியைத்தான் போய் இழுத்தார்கள். முதல்நாள் இரவு அவர் அம்மன் முன் உட்கார்ந்து சிந்தாமணி ராகத்தில் ஒரு பாட்டுப் பாடினார். மறுநாள் கேசவய்யா சிம்மநந்தனம் என்ற நெடுந்தாளத்தில் பாட, பதிலுக்கு இவர் சரபநந்தனம் என்ற தாளத்தில் பாடி மடக்கினார். சிங்கத்தை அடக்குவது சரபம். கதை இவ்வளவு அழகாகப் பொருந்துவதாலேயே எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம். சிந்தாமணிப் பாட்டு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்றும் இருக்கிறது. வெளியூர் போய்ப் பாடியதில் பெரிதாகப் பேசப்படுவது மதுரைப் பயணம். அங்கே மீனாட்சி மேல் பாடியவற்றை நவரத்தினமாலிகை என்கிறார்கள்.

"அவ்வளவு பெரிய ஆளுன்னா ஏங்ணா தியாகராஜர் மாதிரி பேர் இல்ல?"

நல்ல கேள்வி. விடையும் அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. தியாகராஜருக்குச் சீடர் பட்டாளம். ஆளுக்கொரு ஊரில் எழுதி வைத்தார்கள், நூற்றுக்கணக்கில் தப்பின. அர்ச்சகர் வீட்டில் பாடம் கேட்டவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். பாட்டும் கடினம். சாஸ்திரி முந்நூறு செய்தார் என்பது வாய்வழிக் கணக்கு, பாடக் கிடைப்பவை நூறைக்கூட எட்டாது. மகன் சுப்பராய சாஸ்திரி அப்பாவிடம் கற்றது போதாதென்று தியாகராஜரிடமும் பாடம் கேட்டார். தாமும் அருமையான கீர்த்தனைகள் செய்தார். அவர் சொல்லிக் கொடுத்த வழியில்தான் தஞ்சையின் தேவதாசி மரபுக் குடும்பம் ஒன்றுக்கு இந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்தன. அதுதான் வீணை தனம்மாளின் குடும்பம். 1938இல் தனம்மாள் மறைந்த பிறகு பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அதே நிதானத்தோடு பாடினார்கள். பூணூல் போட்ட அர்ச்சகரின் பாட்டை அவசரப்படுத்தாமல் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். மும்மூர்த்திப் படத்தை மாட்டி மாலை போடுகிற சபாக்காரர்கள் பக்கத்தில் தனம்மாள் படத்தையும் மாட்டலாம், சுவரில் இடம் இருக்கும்.

சாஸ்திரி 1827இல் காலமானார். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் கொஞ்சம் உண்டு, மிச்சமெல்லாம் தெலுங்கு. அன்றைய தஞ்சையில் சங்கீதத்தின் மொழி அதுதான். மொழி தெரியாதே என்று தம்பி தயங்கினார். உக்ரைன் பாட்டை மொழி தெரிந்தா கேட்டீர்கள்?

எங்கே தொடங்குவது என்று கேட்டதற்கு, பைரவி ஸ்வரஜதி என்று போனில் போடச் சொன்னேன். ஸ்வரஜதி அதுவரை ஆட்டத்துக்கான உருப்படி, ஜதிச் சொற்கட்டோடு இருக்கும். ஜதியை எடுத்துவிட்டு உட்கார்ந்து பாடுகிற உருப்படியாக அதை மாற்றியவர் சாஸ்திரி. தோடி, யதுகுலகாம்போதி, பைரவி என்று மூன்று செய்தார். பைரவியில் எட்டுச் சரணங்கள். ஸ்வரத்தைப் பாடி, அதே ஸ்வரத்தின்மேல் சொல்லை வைத்துப் பாடுவார்கள். முதல் சரணம் ஸவில் தொடங்கும். அடுத்தது ரியில், அதற்கடுத்தது கவில். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, எட்டாவது சரணம் மேல் ஸவில் ஆரம்பிக்கும். ராகம் தெரியவேண்டாம், தாளம் தெரியவேண்டாம், ஒவ்வொரு சரணமும் முந்தியதைவிட ஒரு படி மேலே தொடங்குகிறதா என்று மட்டும் காதை வைத்துப் பாருங்கள் என்றேன். மூன்றாவது சரணம்வரை விரல் விட்டு எண்ணினார். நாலாவதில் டீக்கடைக்காரர் வந்து, "சவுண்டக் கொஞ்சம் ஏத்தி வைங்க தம்பி" என்றார்.