எந்நேரமும் ஒளிரும் திரை: எமக்குத் தேவைதானா?

சண்டிலிப்பாயில் மானிப்பாய் – காரைநகர் வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். தையல் மெசினுக்குப் பக்கத்தில், நூற்கட்டைப் பெட்டியில் சாய்த்தபடி ஒரு கையடக்கத் தொலைபேசி. கனடாவிலுள்ள தங்கை தான் பாவித்துவிட்டு அனுப்பிய ஐபோன் 14 புரோ. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் திரையில் நேரமும் திகதியும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன.

"அக்கா, இதை நிப்பாட்டி வைக்கலாமே, பற்றரி இறங்காதோ?" என்று கேட்டேன்.

"நிப்பாட்டினால் போன் செத்துப்போன மாதிரிக் கிடக்கும் பிள்ளை. வெளிச்சம் தெரிஞ்சால்தான் கோல் வரும் எண்டு ஒரு நம்பிக்கை."

மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மூத்த மகன் 2009 இல் வன்னியில் காணாமற்போனவர். அன்றிலிருந்து அவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றவில்லை. இரவிலும் போனை நிறுத்துவதில்லை. எமது ஊர்களில் இப்படி இருக்கும் தாய்மார் ஒருவர் இருவரல்ல.

அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. திரையின் வெளிச்சத்துக்கும் அழைப்பு வருவதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. திரை முழுக்க இருண்டிருந்தாலும் போன் உள்ளே விழித்துத்தான் இருக்கிறது. அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பில்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் திரையை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அழைப்பைத் தடுப்பவை வேறு: பற்றரி தீர்ந்துபோதல், சிக்னல் இல்லாமை, தெரியாமல் விமான நிலையை அழுத்திவிடுதல், சத்தத்தை நிறுத்திவிட்டு மறந்துபோதல். இன்னொன்றும் உண்டு. நீண்ட காலம் ரீலோட் செய்யாமலும் பாவிக்காமலும் விட்டால் இலக்கமே கைவிட்டுப் போகலாம். இலக்கத்தைக் காத்து வைத்திருக்கும் சகோதரிகள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

எந்நேரமும் நேரம் காட்டும் திரை எமக்குப் புதிதுமல்ல. 2003 இல் வந்த நொக்கியா 1100 ஐ நினைவிருக்கிறதா? உச்சியில் ரோச் லைட் வைத்த சின்னப் போன். அதன் விளக்கு அணைந்த பின்னரும் திரையில் நேரம் தெரியும். வெளியிலிருந்து விழும் பகல் வெளிச்சத்தையே திருப்பிக் காட்டும் திரை அது. அதனால் பற்றரியில் அதிகம் எடுக்காது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் நாட்கணக்கில் நின்றது. பிறகு வந்த வண்ணத் திரைகளில் அந்த வசதி போய்விட்டது. பின்னாலிருந்து பெரிய விளக்கொன்று எரிந்தால்தான் அவற்றில் எதுவும் தெரியும். மூலையில் சின்னதாக நேரத்தைக் காட்டுவதற்கும் முழு விளக்கும் எரிய வேண்டும்.

ஓலெட் எனப்படும் திரைகள் வந்த பின்னர்தான் இது மாறியது. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் சிட்டிகளை வரிசையாக வைப்போமே, அதைப்போல இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. வேண்டியவை மட்டும் எரியும். கறுப்பாக இருக்கும் இடம் அணைந்தே இருக்கும். சம்சுங் நிறுவனம் 2016 இல் தனது கலக்சி எஸ்7 போனில் இந்த வசதியைத் தந்தது. ஐபோனுக்கு 2022 இல், 14 புரோவோடுதான் வந்தது. வழமையாகத் திரை ஒரு செக்கனில் 60 தடவையோ 120 தடவையோ தன்னைப் புதுப்பிக்கும். இந்த நிலையில் ஒரு தடவை மட்டும் புதுப்பித்து மின்னை மிச்சம் பிடிக்கிறது.

அப்படியென்றால் செலவே இல்லையா? இருக்கிறது. டிஎக்ஸ்ஓமார்க் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2022 இல் சில போன்களைப் பரிசோதித்தது. சும்மா கிடக்கும் போனில் இந்த வசதி இயங்கினால் பற்றரி சராசரியாக நான்கு மடங்கு வேகமாக இறங்குவதாக அது கண்டது. பொதுவாக மணித்தியாலத்துக்கு ஒரு வீதம் அளவில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினால் எட்டு வீதம் குறைந்திருக்கும். மின்சாரக் கட்டணத்தில் இதைக் காணமாட்டீர்கள். மாதம் முழுவதும் ஒளிர விட்டாலும் கால் அலகைத் தாண்டாது. பிரச்சினை கரண்ட் இல்லாத நேரத்தில்தான்.

கரண்ட் இல்லாத வாழ்க்கையை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். செய்தி முடிந்ததும் கை ஓய்ந்துவிடும். பாட்டுக் கேட்கச் சுற்ற ஆளிராது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும் பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோயின. அப்படியொரு இரவில் எட்டு வீதம் சின்னக் கணக்கல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போன் என்றால் பற்றரியும் நைந்திருக்கும். எட்டு வீதமென்று நினைப்பது இன்னும் கூடப் போகும்.

இருந்தாலும் இது வீண் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தைக்கும்போது, மீன் வெட்டும்போது, மாவு பிசையும்போது கையைக் கழுவித் துடைக்காமல் நேரத்தைப் பார்க்க முடிகிறது. ஒரு கையை இழந்த சகோதரிக்கு இது சின்ன உதவியல்ல. ஷெல் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவர்கள், தவறிய அழைப்பொன்று இருக்கிறதா என்று போனை எடுக்காமலே கண்ணால் பார்க்கலாம். ஆனால் அவர்களுக்கு இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அழைப்பு வரும்போது கமெராவின் விளக்கு மின்னும்படி பல போன்களில் செற்றிங்ஸில் வைத்துக்கொள்ளலாம். மேசையின் மறுகரையிலிருந்தாலும் கண்ணில் படும்.

ரப்லெட்டுகளின் கதை வேறு. கொரோனாக் காலத்து இணையவழி வகுப்புகளுக்காகப் பல வீடுகளில் கடன்பட்டு வாங்கிய ரப்லெட்டுகளில் பெரும்பாலானவை பின்விளக்குத் திரை கொண்டவை. அவற்றில் இந்த வசதி இராது. 2024 இல் ஓலெட் திரையோடு வந்த விலைகூடிய ஐபாட் புரோவிலும் அப்பிள் நிறுவனம் இதைத் தரவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. ரப்லெட்டை யாரும் இடுப்பில் செருகித் திரிவதில்லை. அது வீட்டில்தான் கிடக்கிறது. பல அன்ட்ரொயிட் ரப்லெட்டுகளில் 'ஸ்கிரீன் சேவர்' என்ற பகுதியில் மணிக்கூட்டைத் தெரிவுசெய்தால், சார்ஜில் போட்டிருக்கும்போது நேரத்தைக் காட்டும். குசினி மேசையில் நிமிர்த்தி வைத்தால் சுவர் மணிக்கூடு வாங்கத் தேவையில்லை. ஆனால் பகலிரவாக ஒரேயடியாகச் சார்ஜில் விட்டால் பற்றரி பழுதாகும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இனி மற்றவர் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனை மேசையில் மலர்த்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போகிறோம். விறாந்தையில் இருப்பவர் கடன் தவணைக்கு வந்தவராக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். யார் காசு அனுப்பினார், வங்கி என்ன எழுதியது, எந்த அமைப்பிலிருந்து செய்தி வந்தது என்பதெல்லாம் அவர் வாசிப்பதற்கல்ல. தனித்து வாழும் பெண்ணுக்கு இதனால் வரும் கதைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒளிரும் திரையில் பல போன்கள் சின்னத்தை மட்டும் காட்டும்; சில முழுச் செய்தியையும் காட்டிவிடும். செற்றிங்ஸில் அறிவித்தல்களுக்கான பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும்படி வைத்துவிடுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அப்போது மறைந்துவிடும். திரை எந்நேரமும் ஒளிர்ந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

பாவித்த போன் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். ஓலெட் திரையில் ஒரே படம் ஒரே இடத்தில் நீண்ட காலம் நின்றால் அதன் நிழல் படிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் மணிக்கூடு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டிருக்கும். ஆனாலும் வாங்குமுன் வெள்ளைப் படமொன்றைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். எழுத்துகளின் நிழல் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சம்சுங் வைத்திருப்பவர்கள், செற்றிங்ஸில் பூட்டுத்திரைப் பகுதிக்குள் 'ஓல்வேய்ஸ் ஒன் டிஸ்பிளே' என்பதைத் திறந்தால் 'தட்டினால் காட்டு' என்ற தெரிவைக் காணலாம். விரலால் ஒரு தட்டு. பத்துச் செக்கன் காட்டிவிட்டு அணைந்துவிடும். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை என்று குறித்தும் வைக்கலாம். என் போனில் நான் தட்டினால் காட்டும்படிதான் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லி, திரையை அணைத்துவிட்டு என் போனிலிருந்து ஒரு அழைப்பு எடுத்துக் காட்டினேன். மணி அடித்தது. சிரித்தார். ஆனாலும் அணைத்து வைக்கச் சம்மதிக்கவில்லை. போனைக் கையிலெடுத்து என் பக்கம் திருப்பினார். நேரத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது மகனின் படம், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. இந்த ஐபோன்கள் பின்படத்தையும் மங்கலாகக் காட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடைசியில் இருவருமாக ஒரு வழி செய்தோம். இரவு பத்திலிருந்து விடிய ஐந்து வரை நித்திரை நேரம் என்று போனில் குறித்தோம். அந்த நேரத்தில் திரை தானாக இருண்டுவிடும். அந்நேரத்தில் அழைப்புகளின் சத்தம் அடங்கிவிடாதபடி எல்லோருடைய அழைப்பையும் அனுமதித்து வைத்தோம். கரண்ட் நின்றால் 'லோ பவர்' நிலையை அழுத்தவும் காட்டிக் கொடுத்தேன். அதிலும் திரை அணைந்து, பற்றரி அழைப்புக்கு மிஞ்சும். பகலில் அவர் தைக்கும் நேரம் முழுவதும் படம் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கும்.