வெளிநாட்டில் இளநிலைப் படிப்பு: பிளஸ் ஒன்னில் தொடங்க வேண்டிய வேலை

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் சேலத்திலும் நாமக்கல்லிலும் வெளிநாட்டுப் படிப்புக்கான பேனர்கள் முளைத்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்த பிறகு யோசிக்க ஆரம்பிக்கும் குடும்பத்துக்கு நல்ல வழிகள் பல அதற்குள் மூடியிருக்கும். பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஜனவரித் தொடக்கத்தோடு விண்ணப்பத்தை நிறுத்திக்கொள்கின்றன. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் மருத்துவப் படிப்புக்கும் அக்டோபர் நடுவிலேயே கடைசித் தேதி. மற்ற படிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. பொதுத்தேர்வு எழுதும் முன்பே இவை எல்லாம் முடிந்துவிடும். மே மாதத்திலும் இடம் தருகிற கல்லூரிகள் உண்டு. ஆனால் அவற்றில் பல, முழுக்கட்டணம் கட்டுகிற மாணவரைத் தேடிக்கொண்டிருப்பவை.

ஆகவே எந்த நாடு என்ற கேள்வி கடைசியில் வரட்டும். பிள்ளையின் பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் வீட்டின் காகிதங்களும் முதலில் சரியாக வேண்டும்.

நம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றின் பழைய வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைப்பார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18இல் தமிழக அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. இனி பிளஸ் ஒன் மதிப்பெண் பள்ளி தருவதுதான். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பள்ளியில் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை நான்கு வருட மதிப்பெண்களைக் கேட்கின்றன. பிரிட்டனில் பிளஸ் டூ முடியும் முன்பே, இந்த மாணவர் இன்ன மதிப்பெண் எடுப்பார் என்று பள்ளி எழுதித் தர வேண்டும். பரிந்துரைக் கடிதமும் வேண்டும். இதெல்லாம் பல தலைமை ஆசிரியர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பிளஸ் டூ தொடங்கிய ஜூன் மாதத்திலேயே நேரில் போய்ப் பேசிவைப்பது நல்லது. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்கள் சி.பி.எஸ்.இ. மாணவரிடம் கேட்பதைவிட மாநிலப் பாடத்திட்ட மாணவரிடம் அதிக சதவீதம் எதிர்பார்க்கின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விடுதியில் கைபேசி கிடையாது என்பதால் விண்ணப்பத்தில் ஏஜென்ட்டின் மின்னஞ்சலையே போட்டுவிடுவது நடக்கிறது. அப்புறம் பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதம் எதுவும் மாணவர் கண்ணில் படாது. பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை வீட்டில் எழுதி வையுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், அலைக்கழிப்பது அதுதான். மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திகா செ’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘செல்வராஜ்’ என்று எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு ஒரே பெயராகப் பாஸ்போர்ட் எடுத்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அங்கே வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது கூடவே வரும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போதே திருத்திவிடுங்கள். பிறகு திருத்துவது நீண்ட வேலை.

அடுத்தது பணம். இங்கேதான் நம் பகுதிக் குடும்பங்கள் எதிர்பாராத இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அரசு வங்கிகளில் கல்விக்கடன் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். வெளிநாட்டு இளநிலைப் படிப்புக்கு அது ஒரு வருடத்துக்கே போதாது. அதற்கு மேல் அடமானம் வேண்டும். நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறதே என்று தைரியமாகப் போவார்கள். வாராக்கடனை வசூலிக்க வங்கிகள் நம்பியிருக்கும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் பெரும்பாலான வங்கிகள் தோட்டத்து நிலத்தைக் கல்விக்கடன் அடமானமாக ஏற்பதில்லை. வீடோ, அங்கீகாரம் பெற்ற மனையோ கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வங்கி வக்கீல் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். சொத்து இன்னும் தாத்தா பெயரில் இருந்து பாகப்பிரிவினை ஆகாமல் இருந்தால் கையெழுத்துக்கு சித்தப்பா, அத்தை எல்லோரும் வர வேண்டும். கல்லூரி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு தொடங்கி முடிக்கக்கூடிய காரியமா இது?

வருமானச் சான்றும் அப்படித்தான். கோழிப்பண்ணையிலும் லாரியிலும் ரிக் வண்டியிலும் பணம் புரளும். பெரும்பகுதி கைமாற்றில், வாங்கல் கொடுக்கலில். வங்கியும் விசா அதிகாரியும் பார்ப்பது வருமான வரிக் கணக்கையும் பாஸ்புக்கையும்தான். மூன்று வருடக் கணக்கை ஒரே மாதத்தில் உருவாக்க முடியாது. பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்தாக வேண்டும். வட்டிக்கு வாங்கித் திடீரென்று போட்டால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். இன்னொன்று: சொந்தப் பணத்தை ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி வரி பிடிக்கும், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். வங்கிக் கல்விக்கடனாகப் போகும் பணத்துக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

‘ஜெர்மனியில் கட்டணமே இல்லை’ என்று பலர் சொல்வது பாதி உண்மை. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லைதான். ஆனால் நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து அங்கே நேரடியாகச் சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். அல்லது இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்துவிட்டு அதே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஸ்டூடியன்கொல்லெக்’ என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு. இளநிலைப் படிப்புகள் அநேகமாக ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கோதே மையங்கள் இருக்கின்றன. மொழியைப் பிளஸ் ஒன்னில் தொடங்கினால் தாங்கும். சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அமைப்பு சரிபார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற ஒன்றில் முதல் வருடம் படித்துக்கொண்டே ஜெர்மன் கற்பது, என் பார்வையில், நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற நிதானமான வழி.

மருத்துவத்துக்கு வருகிறேன். நீட் மதிப்பெண் குறைந்ததும் பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, ரஷ்யா என்று பேச்சு எழுவது நம் ஊர்களில்தான் அதிகம். ‘நீட் வேண்டாம்’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய நீட்டில் தகுதி பெற்றிருப்பது கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அதே மருத்துவ உரிமம் பெறத் தகுதியும் வேண்டும். திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர்கூட அதில் தேறுவதில்லை. பிறகு இங்கேயும் ஒரு வருடம் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பாதியில் கல்லூரி மாற இடமில்லை. 2022இல் உக்ரைன் போரால் திரும்பி வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்க விதி இடம் தரவில்லை. அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது.

உதவித்தொகையை நம்பித் திட்டமிடலாமா? மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. இளநிலைக்கு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையும், ஆண்டுக்கு 200 இந்திய மாணவர்களுக்கு ஹங்கேரி அரசு தரும் ஸ்டைபெண்டியம் ஹங்கேரிகமும் உண்டு. சிங்கப்பூரில் கட்டண மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து மூன்று வருடம் அங்கே வேலை பார்க்க ஒப்பந்தம் போட வேண்டும். ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற மிகச் சில இடங்கள் மட்டும் சேர்க்கையின்போது குடும்ப வசதியைப் பார்ப்பதில்லை; சேர்ந்தவரின் தேவைக்கேற்ப முழு உதவியும் தருகின்றன. போட்டி கடுமை, ஆனாலும் கெட்டிக்காரப் பிள்ளை முயல வேண்டும் என்றே சொல்வேன்.

கடைசியாக ஏஜென்ட். பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம். எனவே கமிஷன் தராத நல்ல கல்லூரியின் பெயர் அவர் வாயிலிருந்து வராது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அநேகமாக அந்த வகையைச் சேர்ந்தவை. கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராக வங்கி வழியே அனுப்புங்கள். ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம்.

எல்லாம் கூடிவந்தாலும் விசா மறுக்கப்படலாம். அதனால் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தைத் தவறாமல் போட்டு வையுங்கள். இங்கே ஓர் இடத்தில் சேர்ந்து, பிறகு விசா கிடைத்தால் விலகிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே உத்தரவிட்டிருக்கிறது, கொடுக்க மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.