வளைவு பொருந்தினால் போதுமா?

பட்டான்செருவின் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக ஸ்வீடனைச் சேர்ந்த ஜோகிம் லார்சன் குழு 2007இல் அறிவித்தது. அந்த மருந்தை மாத்திரையாக விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் சேரும் அளவைவிட இது பல மடங்கு. இந்த மருந்து வெளிச்சத்தில் சிதையக்கூடியது. ஓடையில் கலந்துவிட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் அதனால்தான் எழுகிறது. வெயில் சிதைப்பது உண்மை. ஆனால் எதுவாகச் சிதைக்கிறது? மூலக்கூறின் பக்கச் சங்கிலி மட்டும் அறுந்து குயினோலோன் கரு அப்படியே நின்றால், பாக்டீரியாவைத் தாக்கும் குணமும் ஓரளவு மிஞ்சலாம். ஆகவே வினை எந்த வழியில் போகிறது என்பதை அளந்தே தீர வேண்டும்.

ஒளித்துடிப்பால் மூலக்கூறுகளைக் கிளரச்செய்து அளக்கும் முறையை 1949இல் வேதியியலாளர்கள் நாரிஷும் போர்ட்டரும் உருவாக்கினார்கள். 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிய அதிவேக நிகழ்வுகள் மையம் இத்துறைக்கென்றே இயங்குகிறது. இன்றைய சோதனையில், ஒரு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குப்பியில் மருந்துக் கரைசல். அதன்மேல் சில நானோ விநாடியே நீடிக்கும் லேசர் துடிப்பு. கிளர்ந்த மூலக்கூறுகள் குறுக்கே செல்லும் இன்னொரு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பது ஏறி இறங்கும் வளைவாகத் திரையில் விழும். அதிலிருந்துதான் வினையின் வேக மாறிலிகளைக் கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். மருந்து ஓர் இடைப்பொருளாகி, அது இன்னொன்றாக மாறுகிறது என்று வையுங்கள். ஒளியை உறிஞ்சுவது இடைப்பொருள் மட்டும்தான் என்றால், 1 மைக்ரோ விநாடியில் உருவாகி 10இல் அழியும் பொருளும், 10இல் உருவாகி 1இல் அழியும் பொருளும் ஒரே வடிவ வளைவைத்தான் தரும். இரண்டாவது விளக்கத்துக்கு அந்தப் பொருள் 10 மடங்கு வலுவாக ஒளியை உறிஞ்ச வேண்டும், அவ்வளவே வித்தியாசம். வளைவைப் பொருத்துவதில் பிழை எவ்வளவு சிறிது என்று பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. பொருத்தம் கச்சிதம் என்பதற்காக வினைவழியும் உறுதியாகிவிட்டது என்று எழுதும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

பல அலைநீளங்களின் தரவை ஒரே கணித மாதிரியில் சேர்த்துப் பகுத்தால் போதாதா என்று கேட்கலாம். அது பெரிதும் உதவும்; ஆனால் தொடர் வினையா, இணை வினையா என்பதைச் சில நேரம் அதுவும் பிரித்துக் காட்டாது. நிலைமையை மாற்றிப் பார்ப்பதே தீர்வு. காற்றோடு உறவாடும் நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நைட்ரஜனைக் குமிழவிட்டு அதை வெளியேற்றியதும் சமிக்ஞையின் ஆயுள் நீண்டால், அது ஆக்சிஜனால் தணியும், ட்ரிப்லெட் எனும் கிளர்ந்த நிலை என்பதற்கு வலுவான சான்று. செறிவையும் அமிலத்தன்மையையும் மாற்றும்போதும் அதே கணித மாதிரி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் தேங்கிய மாசுக்கு மைக்ரோ விநாடிக் கணக்கு எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. ட்ரிப்லெட் நிலை ஆக்சிஜனிடம் ஆற்றலை இழந்து மீண்டும் பழைய மருந்தாகிறதா, பிணைப்பு அறுந்து வேறொன்றாகிறதா என்ற போட்டி முடிவதே அந்த நேரத்துக்குள்தான். குப்பியின் தெளிந்த நீர் வேறு, கலங்கிய ஓடை வேறு என்பதை மறுக்க மாட்டேன். இவ்வகை மருந்துகள் சேற்றில் இறுக ஒட்டிக்கொள்ளும். பட்டான்செருவுக்குக் கீழேயுள்ள ஆற்றுப் படிவுகளில் ஆன்டிபயாடிக்கும் எதிர்ப்பு மரபணுக்களும் மிகுந்திருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளிச்சம் எட்டாத அந்தச் சேற்றுக்கு எந்த ஒளிச்சிதைவு மாறிலியும் பொருந்தாது.