தேதியைச் சொன்னால் கிழமை வரும்

1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? காலண்டரைப் புரட்டாமல், மனக்கணக்காகவே வெள்ளி என்று சொல்லிவிடலாம். லிவர்பூலில் பிறந்த கணித மேதை ஜான் கான்வே இதற்கென்றே 1973இல் ஒரு வழி வகுத்தார். டூம்ஸ்டே முறை என்பது அதன் பெயர். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது கைவரும்.

ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்து தேதிகளும் ஒரே ஆண்டில் ஒரே கிழமையில்தான் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 63 நாள், அதாவது ஒன்பது வாரம். மே 9, ஜூலை 11, செப்டம்பர் 5, நவம்பர் 7, மார்ச் 7, பிப்ரவரியின் கடைசி நாள் ஆகியவையும் அதே கிழமைதான். ஜனவரிக்கு 3ஆம் தேதி. லீப் ஆண்டானால் 4. இந்தப் பொதுக் கிழமை தெரிந்துவிட்டால், மற்ற நாள்களை ஏழேழாகத் தள்ளி எண்ணிக்கொள்ளலாம்.

அதைக் கண்டுபிடிப்பது எப்படி? 1900க்குப் பொதுக் கிழமை புதன், 2000க்குச் செவ்வாய். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே ஆண்டுக்கு ஒரு கிழமை முன்னேறும். லீப் ஆண்டில் இரண்டு. பன்னிரண்டு ஆண்டில் 12உம் 3உம் சேர்ந்து 15; இரண்டு வாரம் போக மிச்சம் ஒன்று. அதனால்தான் கான்வே 12ஆல் வகுக்கச் சொன்னார்.

இப்போது 1947. 47ஐ 12ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 11. அந்த 11ஐ 4ஆல் வகுத்தால் ஈவு 2. அவை லீப் ஆண்டுகள். மூன்றையும் கூட்டினால் 16. ஏழேழாகக் கழிக்க மிச்சம் 2. புதனுக்கு இரண்டு நாள் தள்ளி வெள்ளி. ஆகஸ்ட் 8 வெள்ளி என்றால் 15உம் வெள்ளிதான்.

1950 ஜனவரி 26ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். வியாழன் வர வேண்டும்.

இது வெறும் வித்தை அல்ல. தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டோடு கிழமையும் நட்சத்திரமும் பொறித்திருக்கும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்துத் தந்த அட்டவணைகளோடு அவற்றை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் காலத்தை உறுதிசெய்தார்கள். வீட்டுப் பழைய கடிதத்துக்கும் இது பொருந்தும்: எழுதிய கிழமையும் கணக்கில் வரும் கிழமையும் ஒத்துப்போகவில்லை என்றால், தேதி, கிழமை, ஆண்டு மூன்றில் ஏதோ ஒன்று தவறு.